சனமில்லாத மாதம்

நோர்தம்பலண்ட் கடற்கரை
மே 8

அன்புள்ள கனகம்,

நேற்றுப் பின்னேரம் இங்கே வந்து சேர்ந்தேன். வங்கி விடுமுறை முடிந்த கையோடு வெளிக்கிட்டது நல்ல முடிவு. வழியில் நெரிசலே இல்லை. படுத்தெழும்பவென்று வாங்கிய வான் வண்டி நன்றாக ஓடுகிறது. மேட்டில் கொஞ்சம் முனகுகிறது, அவ்வளவுதான்.

வாசலில் நின்று நீர் சொன்னீர்: "போனில கதைச்சா நான் கத்துவன். அயலட்டை முழுக்கக் கேக்கும். சொல்ல இருக்கிறதை எழுதுங்கோ." அதனால்தான் எழுதுகிறேன். எந்தக் கிழமை எந்த இடத்தில் நிற்பேன் என்ற விபரமும் முகவரிகளும் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கின்றன. பதில் எழுத விருப்பமென்றால் அடுத்த இடத்து முகவரிக்கு அனுப்பும். நான் அங்கே இருப்பேன். இந்தப் பயணத்தில் ஒரு நாள்கூடப் பிசகாது.

நான் இரண்டு மாரிகாலம் இருந்து படித்துத்தான் இந்தக் காலத்தைத் தெரிவு செய்தேன் என்பது உமக்குத் தெரியும். ஸ்கொட்லாந்தின் வடக்கே போக மே நடுப்பகுதியை விடத் திறமான காலம் இல்லை. மழை குறைவு, பகல் நீளம். கடிக்கிற பொடி நுளம்பு ஜூனில்தான் எழும்பத் தொடங்கும். ஜூன் முடிய அங்கத்தைய பாடசாலைகள் மூடும், பிறகு எங்கடை பாடசாலைகள் மூடும். மூடினால் அந்த ஒடுங்கிய வீதிகளில் சனமும் வாகனமும் தான். அதற்கு முன் போய்ச் சுற்றித் திரும்பிவிட வேண்டும்.

இதையெல்லாம் தை மாதத்தில் மேசையில் வரைபடத்தை விரித்து நான் விளங்கப்படுத்தினேன். நீர் தேத்தண்ணீர் கொண்டு வந்து வைத்தீர். றொம்போர்ட்டில் வானுக்கு மெத்தை வாங்கப் போனபோது கூடவே வந்தீர். அமத்திப் பார்த்து, "இது சரியான மெத்தெண்டு கிடக்கு, மற்றதை எடுங்கோ" என்றீர். அதன் பிறகு ஈஸ்டர் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பருப்புக்கு உப்புக் காணுமோ என்று கேட்கிற மாதிரி, "நான் வரேல்லை, எனக்குப் பள்ளிக்கூடத் தவணை நடக்குது" என்கிறீர். இதைத் தையிலேயே சொல்லியிருக்கலாமே? எதற்காக அவ்வளவு காலம் வாயைத் திறக்காமல் இருந்தீர்?

இங்கே என்னோடு வேறு ஓரிரண்டு வான்கள்தான் நிற்கின்றன. கடல் அமைதி. பாணும் சம்பலும் சாப்பிட்டேன்.

இப்படிக்கு,
குலசேகரம்


ஈஸ்ட் ஹாம்
மே 12

உங்களுக்கு,

எதற்காக வாயைத் திறக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. வரைபடத்தை விரித்து விளங்கப்படுத்தினீர்கள். கேட்பதும் விளங்கப்படுத்துவதும் ஒன்றில்லை.

ஜீவரத்தினம் அண்ணையின் பிறந்தநாளுக்குப் பார்க்கிங் ஊர் மண்டபத்துக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? அவர் உங்களிடம், "அப்ப தங்கச்சியின்ரை பள்ளிக்கூட வேலை?" என்று கேட்டார். நீங்கள் சொன்னீர்கள்: "அவ ஈஸ்டரோட விடுறா. உது என்ன பெரிய வேலையே? பிள்ளையளுக்குச் சோறு போடுறதுதானே." மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் உங்களுக்குப் பின்னால் வடைத் தட்டோடு நின்றேன். நான் வேலையை விடப்போகிறேன் என்பதை அந்த இடத்தில் வைத்துத்தான் நானே முதன்முதலில் கேள்விப்பட்டேன்.

அதே கிழமை பாடசாலையில் என்னைக் கூப்பிட்டு, ஓய்வு பெறுகிற தலைமைச் சமையல்கார அம்மாவின் இடத்துக்கு என்னைப் போடப்போவதாகச் சொன்னார்கள். முழுக் குசினிக்கும் பொறுப்பு. என்ன சமைப்பது, யார் எந்த வேலை, எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துவராது, எல்லாம் இனி என் கையில். அதைச் சனிக்கிழமை இரவு விருந்து முடிந்து வரும்போது உங்களுக்குச் சொல்லவென்று வைத்திருந்தேன். மண்டபத்திலிருந்து திரும்பி வரும்போது நீங்கள் பாட்டுப் போட்டீர்கள். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மெத்தை பார்த்தது உங்கள் முதுகுக்காக.

இன்னொன்று. சனம் வேண்டாம், சனம் வேண்டாம் என்று எந்த நேரமும் சொல்கிறீர்கள். ஆர் அந்தச் சனம்? பாடசாலை மூடினால் வெளியே வருகிற பிள்ளைகளும் தாய் தகப்பன்மாரும். தினமும் மத்தியானம் என் முன்னால் தட்டோடு வரிசையில் நிற்கிற அதே பிள்ளைகள்தான். நீங்கள் யாருக்கு ஒளித்து ஓடுகிறீர்களோ, அவர்களுக்குத்தான் நான் சமைக்கிறேன். இரண்டுக்கும் ஒரே நாட்காட்டி. உங்களுக்கு நல்ல மாதமென்றால் எனக்கு வேலை மாதம். இதைக் கண்டுபிடிக்க இரண்டு மாரிகாலம் படிக்கத் தேவையில்லை.

பிரஷருக்கு விழுங்குகிற குளிசை வானுக்குள் மேல் லாச்சியில் இருக்கிறது. சமையல் அடுப்புக்குக் கீழே தேட வேண்டாம்.

கனகாம்பிகை


இன்வர்னஸ்
மே 17

அன்புள்ள கனகம்,

உம்முடைய கடிதம் எனக்கு முன்னமே வந்து காத்திருந்தது. குளிசை கிடைத்தது.

குசினிப் பொறுப்பு கிடைத்ததை நீர் சொல்லியிருக்க வேண்டும். பாட்டை நிப்பாட்டு என்று சொன்னால் நிப்பாட்டியிருப்பேன். அண்ணையின் மேசையில் நான் சொன்னது பகிடிக்கு. ஆனால் நீர் தட்டோடு நின்றதை நான் காணவில்லை. அது உண்மை.

சனத்துக்கு ஒளித்து ஓடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர். அதற்கு நான் பதில் சொல்லத்தான் வேண்டும். நான் பஸ் சாரதியாக ஓடிய காலத்தில் ஒருநாள் ஸ்ட்ராட்போர்ட்டில், மாலை நேரம், உள்ளே நிற்க இடமில்லாமல் கதவைச் சாத்தினேன். வெளியே நின்றவர்கள் கதவில் அடித்தார்கள். ஒருவன் என் பக்கத்துக் கண்ணாடிக்கு வந்து, என் முகத்துக்கு நேரே துப்பினான். என்னால் வைப்பரைப் போடக்கூட முடியவில்லை, அது பக்கக் கண்ணாடி. அந்த எச்சில் வழிந்துகொண்டிருக்க, கடைசித் தரிப்பு வரை ஓடிக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டுச் சாப்பிட்டேன். உமக்குச் சொல்லவில்லை. அப்படி ஒன்றில்லை, பல. ஓய்வு பெறும் நாளன்றே நினைத்தேன், இனி ஒருதரும் எனக்குப் பின்னால் நின்று ஹோர்ன் அடிக்காத வீதியில் ஓடவேண்டும் என்று. உம்மோடு ஓடவேண்டும் என்றுதான் நினைத்தேன். அதற்குத்தான் அந்த இரண்டு மாரிகாலப் படிப்பும்.

இந்த வான் நிறுத்தும் சைட்டில் இரண்டு பேருக்கென்று பதிந்திருந்தேன். அலுவலகத்தில் இருந்த பெண், "உங்கள் மனைவி எங்கே?" என்று கேட்டாள். பின்னால் வருகிறா என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

நாளை மறுநாள் வடக்கே வெளிக்கிடுகிறேன். அடுத்த கடிதத்தை டேர்னஸுக்குப் போடும். காலநிலை அறிக்கை கிழமை முழுவதும் நல்ல வெயில் என்கிறது. எல்லாம் நான் சொன்னபடியே நடக்கிறது.

குலம்


ஈஸ்ட் ஹாம்
மே 24

உங்களுக்கு,

துப்பிய கதையை இவ்வளவு காலத்துக்குப் பிறகு கடிதத்தில் வாசிக்க வேண்டி வந்ததே. அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் அவனைத் தேடிப் போயிருக்க மாட்டேன்தான். ஆனால் முழுக்கக் கேட்டு முடியாமல் அன்று உங்களைச் சாப்பிட விட்டிருக்க மாட்டேன்.

நேற்றோடு பாடசாலை நடுத்தவணை விடுமுறைக்கு மூடிவிட்டது. ஒரு கிழமை. கடைசி நாளில் பெரிய அவண் வேலை செய்யாமல் போனது. கோழி முழுவதும் உள்ளே, பாதி வெந்தபடி. ஸ்ரீநிதி, அதுதான் எங்கள் குசினியில் வேலை செய்கிற திருச்சிப் பிள்ளை, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "அக்கா, இப்ப என்ன பண்றது? மணி அடிக்கப் போறாங்க!" நான் சொன்னேன், "ஒண்டும் பண்ண வேண்டாம். கோழியை வெளியில எடு. பாணை வெட்டு, சீஸை எடு, தக்காளியைக் கழுவு." தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிள்ளைகளுக்குச் சான்விச் கண்டது சந்தோசம். கோழியை ஒருவரும் தேடவில்லை.

பாத்திரம் கழுவும்போது ஸ்ரீநிதி கேட்டாள், "லீவு தானே அக்கா, நீங்க அங்கிள்கிட்ட போகலையா?" மகள் கௌசியும் ஹரோவிலிருந்து போன் எடுத்து அதையேதான் கேட்டாள். இன்வர்னஸுக்கு விமானம் இருக்கிறதாம், அவளே பதிந்து தருகிறாளாம். நான் வேண்டாம் என்றேன். "ஏனம்மா?" என்றாள். அவளுக்குப் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். நடுத்தவணை விடுமுறை எப்போது என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கிழமை எங்கே சனம் கூடும் என்பதைக்கூடக் கணக்கில் எடுத்துத்தான் வழியைப் போட்டீர்கள். ஆனால் அந்தக் கிழமை நான் சும்மா இருப்பேன் என்பது உங்களுக்குத் தோன்றவில்லை. ஒரு வசனம் எழுதியிருந்தால் நான் வந்திருப்பேன்.

இந்தக் கிழமை அலுமாரிகளைத் துப்புரவாக்கப் போகிறேன்.

கனகம்


வடக்குக் கரை, டேர்னஸுக்குக் கிழக்கே
மே 30

அன்புள்ள கனகம்,

நான் டேர்னஸுக்குப் போய்ச் சேரவில்லை. நீர் எழுதியிருந்தால் அந்தக் கடிதம் அங்கேதான் கிடக்கும். பதற வேண்டாம், நான் நன்றாக இருக்கிறேன்.

திங்கட்கிழமை பெரிய காற்று அடித்தது. அறிக்கையில் காற்று என்றுதான் இருந்தது, இப்படி ஒரு காற்று என்று இல்லை. கடலுக்கு முகம் காட்டி வானை நிறுத்தியிருந்தேன். அது என் பிழை, முதுகைக் காட்டி நிறுத்தியிருக்க வேண்டும். வெளியே வைத்த கதிரைகள் பறப்பதைக் கண்டு பக்கக் கதவைத் திறந்தேன். காற்றுக் கதவைப் பிடுங்கியது. நான் கைப்பிடியை விடவில்லை. கதவோடு சேர்ந்து நானும் வெளியே போய் விழுந்தேன். இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

சைட்டை நடத்துகிற மோராக் என்ற பெண்தான் தன் காரில் ஏற்றிக்கொண்டு நீண்ட தூரம் ஓடி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனாள். வழி முழுக்க ஆட்டுக் குட்டிகள் குறுக்கே வந்தன, ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று போனாள். எனக்கு நோவைவிட அதுதான் பெரிய வேதனை. கைக்கு மாக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். நான் வான் ஓட்டக்கூடாதாம். ஜூலை நடுப்பகுதி வரை இங்கேதான். கதவு இத்தாலியிலிருந்து வரவேண்டுமாம், அதுவும் அந்த நேரத்தில்தான் வரும். மோராக்கின் கணவர் பலகை அடித்து ஒரு கதவு செய்து தந்திருக்கிறார். திறந்து மூடுகிறது.

முன்னே பதிந்து வைத்திருந்த இடங்கள் எல்லாவற்றையும் இரத்துச் செய்துவிட்டேன். எந்த மாதத்துக்கு ஒளித்து ஓடினேனோ, அந்த மாதத்திலேயே வந்து குந்தியிருக்கிறேன்.

நீர் வரவேண்டாம். உமக்குத் தவணை நடக்கிறது. கௌசிக்கும் சொல்ல வேண்டாம்.

குலம்


ஈஸ்ட் ஹாம்
ஜூன் 5

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தவுடன் அந்த சைட்டுக்குப் போன் எடுத்தேன். நான் கத்தவில்லை, கவனித்தீர்களா? நீங்கள்தான் "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு மோராக் தானே திரும்ப எடுத்தார். நீங்கள் ஒற்றைக் கையால் உடுப்புப் பிழிகிறீர்களாம், உதவிக்குப் போனால் துரத்துகிறீர்களாம். அவர் பேசுகிற ஆங்கிலம் எனக்குப் பாதிதான் விளங்கியது. என்னுடையது அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனாலும் உங்களைப் பற்றி இருவரும் ஒரே அபிப்பிராயத்துக்கு வந்தோம்.

கௌசிக்குச் சொல்லிவிட்டேன். பிள்ளைக்கு ஒளிக்க நான் சம்மதிக்கவில்லை.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். இரவு முழுக்கப் படுத்துக்கொண்டு யோசித்தேன். போவதா, விடுவதா? இந்த மாதம் குசினியைப் பரிசோதிக்க வருகிறார்கள். நான் பொறுப்பெடுத்து முதல் முறை. நான் விடுப்புக் கேட்டால் தருவார்கள். உங்களுக்கு ஏலாது என்றால் நான் பரிசோதனையையும் விட்டுவிட்டு வருவேன். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் நீங்கள் "வரவேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனையோ வருடமாக நீங்கள் என்னிடம் "வாரும்" என்றிருக்கிறீர்கள். இப்போது "வரவேண்டாம்" என்கிறீர்கள். இரண்டும் உத்தரவுதான். "வருவீரோ?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. லண்டனுக்கு வரும்போதும் கேட்கவில்லை. ஈஸ்ட் ஹாமில் வீடு வாங்கும்போதும் கேட்கவில்லை. நான் எல்லா இடமும் வந்தேன். குறையாகச் சொல்லவில்லை, நல்லாகத்தான் இருந்தோம். ஆனால் கேட்டுப் பாருங்கள். கேட்டால் ஓம் என்றும் வரலாம், இல்லை என்றும் வரலாம். அது உங்களுக்குப் பழக்கமில்லாதபடியால்தான் கேட்பதில்லை என்று நினைக்கிறேன்.

மாக்கட்டை நனைக்க வேண்டாம். பொலித்தீன் பை கட்டிக்கொண்டு குளியுங்கள்.

கனகம்


வடக்குக் கரை
ஜூன் 14

அன்புள்ள கனகம்,

உம்முடைய இரண்டு கடிதங்களும் ஒன்றாக வந்தன. டேர்னஸில் கிடந்ததைத் தபால்காரி கேட்டு எடுத்துக்கொண்டு வந்து தந்தாள். அவள் இந்தக் கரை முழுக்க ஓடுகிறவள். பழையதை முதலில் வாசித்தேன். நடுத்தவணை விடுமுறையை நான் கணக்கில் எடுத்தேன், உம்மை எடுக்கவில்லை.

இங்கே நிலைமை இதுதான். பொடி நுளம்பு வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் காது மடலைத் தின்கிறது. காற்றடித்தால் இல்லை, காற்று நின்றால் புகை மாதிரி வரும். அப்போது காற்றடிக்க வேண்டும் என்று கும்பிடுகிறேன், என் கையை முறித்த அதே காற்று. மழையும் வரத் தொடங்கிவிட்டது. சைட் அரைவாசிக்கு மேல் நிரம்பிவிட்டது. பக்கத்தில் கிளாஸ்கோவிலிருந்து ஒரு குடும்பம், விடியக் காலமை தொடக்கம் சத்தம். நேற்று அந்தப் பெண் வந்து என் பலகைக் கதவைத் தட்டி, ஒரு கிண்ணம் சூப் தந்தாள். உப்பு இல்லை. ஆனாலும் குடித்தேன்.

உம்முடைய பரிசோதனையை விட்டுவிட்டு வரவேண்டாம். இது உத்தரவில்லை, என் விருப்பம். கையைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. மோராக் இப்போது உடுப்பைப் பறித்துக்கொண்டு போய் மெசினில் போடுகிறாள்.

இப்போது கேட்கிறேன். இந்த வசனத்தை மூன்று தாளில் எழுதிக் கிழித்தேன். உம்முடைய பாடசாலை மூடியபிறகு, கதவும் வந்து கையும் சரியானபிறகு, மேற்குக் கரையால் வானைக் கொண்டுபோக நினைக்கிறேன். ஓகஸ்ட் மாதம். நான் வாசித்த எல்லா இடத்திலும் அந்த மாதம் போகவேண்டாம் என்றே எழுதியிருக்கிறது. மழை, நுளம்பு, நெரிசல், தங்க இடம் கிடைக்காது. நல்லது என்று சொல்ல ஒன்றுமில்லை. உமக்கு விடுமுறை என்பதைத் தவிர.

வருவீரோ?

ஏலாது என்றால் ஏலாது என்று எழுதும். நான் கோபிக்கமாட்டேன். கோபித்தாலும் காட்டமாட்டேன்.

குலம்


ஈஸ்ட் ஹாம்
ஜூன் 21

அன்புள்ள உங்களுக்கு,

பரிசோதனை வியாழக்கிழமை முடிந்தது. குசினிக்கு மேலான தரம் தந்திருக்கிறார்கள். வந்த மனிதர் குளிரறைக் கதவின் றப்பரைக்கூட விரலால் தடவிப் பார்த்தார். ஸ்ரீநிதி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். இதை உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன், கௌசிக்கும் இன்னும் சொல்லவில்லை.

வருவேன்.

ஆனால் பாடசாலை மூடிய மறுநாள் அல்ல. விடுமுறையின் முதல் கிழமை குசினி திறந்திருக்கும். வீட்டில் மத்தியானச் சாப்பாடு கிடைக்காத பிள்ளைகளுக்குச் சமைக்கிறோம். நான் கேட்டு வாங்கிய வேலை அது. முடித்துக்கொண்டு ஓகஸ்ட் முதலாம் திகதி றெயிலில் இன்வர்னஸுக்கு வருகிறேன். நீங்கள் வாசித்ததில் இதைவிட மோசமான கிழமை இருக்காது என்று நினைக்கிறேன்.

கைக்குப் பயிற்சி செய்யச் சொல்லியிருப்பார்கள். செய்யுங்கள். நான் என்ன சாமான் கொண்டு வரவேண்டும் என்று எழுதுங்கள். கறித் தூள் ஒரு கிலோ எடுத்து வைத்துவிட்டேன்.

அன்புடன்,
கனகம்


ஈஸ்ட் ஹாம்
செப்டெம்பர் 7

அன்புள்ள உங்களுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கிங்ஸ் குறொஸ் றெயில் நிலையத்தில் கௌசி நின்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, என்ன இது, அம்மை போட்டதா?" என்று கேட்டாள். நுளம்பு கடித்தது என்றேன். நம்பவில்லை.

தவணை தொடங்கிவிட்டது. புதிதாக வந்த சின்னப் பிள்ளைகள் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் நிற்கின்றன.

ஸ்ரீநிதி பயணத்தைப் பற்றிக் கேட்டாள். மழை பெய்தது, வானுக்குள் இருந்தோம், சண்டை பிடித்தோம் என்று சொன்னேன். "அவ்வளவுதானா அக்கா?" என்றாள். பிறகு அந்த மேற்குக் கரை வீதியின் கதையைச் சொன்னேன். அந்த ஒற்றை வாகன வீதியில் அங்கால் பத்து, இங்கால் பத்து என்று வாகனங்கள் முட்டிக்கொண்டு, ஒருவரும் பின்னால் எடுக்கத் தெரியாமல், ஆளாளுக்கு ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றார்களே. நீங்கள் ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி, "இதுக்குத்தான் மே மாதம் எண்டனான், இதுக்குத்தான் மே மாதம் எண்டனான்" என்று முணுமுணுத்தீர்கள். உங்கள் கழுத்து நரம்பைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. அந்தத் துப்பிய கதை நினைவு வந்தது. அப்போது முன்னால் நின்ற காரில் ஒரு பெண் பிள்ளை ஓட்டத் தெரியாமல் அழுதாள். நீங்கள் கதவைத் திறந்து மழைக்குள் இறங்கிப் போனீர்கள்.

நீங்கள் அவளோடு கதைத்தது எனக்கு முழுதும் கேட்கவில்லை. "கண்ணாடியைப் பார்க்காதை பிள்ளை, என்னைப் பார்" என்று ஆங்கிலத்தில் சொன்னது மட்டும் கேட்டது. அவளுடைய காரை ஒதுங்கும் இடத்துக்குள் எடுப்பித்தீர்கள். அடுத்ததை, அதற்கடுத்ததை. ஒரு பெரிய வானின் சொந்தக்காரன் உங்களோடு வாக்குவாதப்பட்டான், நீங்கள் கையை உயர்த்தியபடி அப்படியே நின்றீர்கள், அவன் பின்னால் எடுத்தான். நனைந்து குளிர்ந்து திரும்பி வந்து ஏறியபோது, கடந்து போன ஒவ்வொரு காரிலிருந்தும் கை காட்டினார்கள். நீங்களும் திருப்பிக் காட்டினீர்கள். கடைசிக் கார் போகும்வரை. "பஸ்ஸில ஒருத்தரும் உப்பிடிக் காட்டேல்லை" என்றீர்கள். நான் துவாயைத் தந்தேன்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். மே மாதம்தான் நல்லது. நீங்கள் படித்தது சரி. அந்த நுளம்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனால் மேயில் நான் இல்லை. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

நீங்கள் செப்டெம்பர் முடியும்வரை அங்கே நிற்கட்டுமா என்று கேட்டீர்கள். ஓம் என்றேன். இப்போதும் ஓம்தான். எல்லோரும் போய்விட்டார்கள், நீங்கள் விரும்பிய மாதிரி இருக்கும். எனக்கும் வீடு அமைதியாகத்தான் இருக்கிறது. கட்டிலில் குறுக்கே படுக்கிறேன்.

அன்புடன்,
கனகம்


மேற்குக் கரை, உல்லாப்பூலுக்கு வடக்கே
செப்டெம்பர் 12

அன்புள்ள கனகம்,

நீர் போனபின் காலநிலை மாறிவிட்டது. வெயில். நுளம்பு இல்லை. சைட்டில் நான் மட்டும். நேற்று மணலில் நடந்தேன், ஒரு காலடிகூட இல்லை. நீர்நாய் ஒன்று நண்டு பிடித்துக் கல்லில் வைத்துத் தின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். அது என்னைக் கணக்கெடுக்கவில்லை.

நன்றாகத்தான் இருக்கிறது. பொய் சொல்லமாட்டேன். இதைத்தான் நான் கேட்டேன், கிடைத்துவிட்டது.

இன்று கடைக்குப் பால் வாங்கப் போனேன். கடைக்காரி ஏதோ கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. செருமிச் செருமித்தான் பேசவேண்டியிருந்தது. எப்போது கடைசியாக வாய் திறந்தேன் என்று யோசித்தேன், நினைவில்லை. அவள் நான் சுகமில்லாத ஆள் என்று நினைத்து ஒரு மிட்டாய் தந்தாள்.

நான் முன்கூட்டி வர நினைக்கிறேன். இரண்டு நாளில் நோர்தம்பலண்டுக்குப் போய், முதலில் நின்ற அதே இடத்தில் தங்குவேன். அங்கிருந்து அடுத்த வெள்ளிக்கிழமை காலமை வெளிக்கிட்டால் பின்னேரம் லண்டனுக்குள் வந்துவிடலாம். வெள்ளி பின்னேரம் நோர்த் சர்க்குலர் வீதி எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. இருந்துவிட்டுப் போகட்டும். நீர் வேலையால் வரும்போது நான் வீட்டில் நிற்க விருப்பம்.

வெள்ளி வரட்டோ? நோர்தம்பலண்டுக்குப் பதில் போடும். உமக்கு இன்னும் கொஞ்ச நாள் குறுக்கே படுக்க வேண்டும் என்றால் சொல்லும், நான் அங்கேயே நிற்கிறேன்.

உம்முடைய,
குலம்


ஈஸ்ட் ஹாம்
செப்டெம்பர் 16

அன்புள்ள உங்களுக்கு,

வெள்ளி ஏலாது. பாடசாலையில் புதிய பெற்றோருக்கு ஒன்றுகூடல். சமையல் எங்களுடையது. நான் வீட்டுக்கு வரப் பிந்தும். நீங்கள் வந்து இருட்டில் தனியே இருந்து, பழைய சோற்றைச் சூடாக்கித் தின்பீர்கள். அது வேண்டாம்.

சனி வாருங்கள். சனி முழுக்க நான் வீட்டில். மீன் வாங்கி வைப்பேன். சனிக்கிழமை எங்கள் கடைத்தெரு ஹை ஸ்ட்ரீட் நோர்த்தால் வானைக் கொண்டுவர உங்களுக்குச் சீவன் போகும். றோட்டு முழுக்கச் சனமாகத்தான் இருக்கும். அதற்கு நான் ஒன்றும் செய்ய ஏலாது.

கனகம்